தில்லிக்குக் கடிதம் எழுதும் சீட்டில் எதிர்காலம் உண்டா?

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மா, எனக்கு 27 வயது. அரசியல் அறிவியலில் முதுகலை முடித்து, குரூப் 2ஏ எழுதி, ஒன்றரை வருடமாகத் தலைமைச் செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலராக இருக்கிறேன். ஒன்றிய அரசின் நிதியுதவியில் நடக்கும் ஒரு திட்டத்தின் கோப்புகள் என் சீட்டில் இருக்கின்றன. கல்லூரியில் கூட்டாட்சி பற்றி விரும்பிப் படித்தவன் நான். மாநிலங்களுக்கும் தில்லிக்கும் இடையே நடக்கும் வேலையில்தான் வாழ்க்கை அமைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இங்கே வந்து பார்த்தால் நினைவூட்டுக் கடிதம் போடுவதுதான் வேலை. ஒரே கோப்பில் ஐந்தாவது நினைவூட்டு அனுப்பிவிட்டேன். ‘யு.பி.எஸ்.சி. எழுது, இல்லையென்றால் கடைசிவரை குமாஸ்தாதான்’ என்கிறார்கள் நண்பர்கள். இரண்டு முறை முதல்நிலைத் தேர்வில் தோற்றுவிட்டேன். அப்பா குரூப் 1 எழுதி துணை ஆட்சியர் ஆகச் சொல்கிறார். தில்லித் தமிழ்நாடு இல்லத்துக்குப் போக விருப்பமா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். எனக்கு இந்தி தெரியாது. அரசுகளுக்கு இடையே வேலை பார்ப்பது என்பது உண்மையிலேயே ஒரு தொழில்தானா? நான் இங்கேயே இருக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ‘ஐந்தாவது நினைவூட்டு’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நானும் அந்தச் சீட்டில் இருந்தவள். 34 வருடம் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து இணைச் செயலாளராக ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்கு மேல் நிதி, நீர்வளம் என்று வேறு அரசுகளோடு பேச வேண்டிய பிரிவுகளில்தான் கழிந்தது. அதனால் முதலில் அந்தக் கோப்பைப் பற்றிப் பேசிவிடுவோம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் என்னிடம் ஓர் ஊரக வளர்ச்சித் திட்டக் கோப்பு இருந்தது. இரண்டாம் தவணை வரவில்லை. நான்கு மாதத்தில் ஆறு நினைவூட்டு அனுப்பியிருந்தேன். ஆறிலும் ஒரே வாசகம், தேதி மட்டும் வேறு. கடைசியில் செயலாளர் என்னையே நேரில் போய்ப் பார்த்து வரச் சொன்னார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி, ஜனவரிக் குளிரில் ஓர் அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில் போய் நின்றேன். அந்தப் பிரிவு அலுவலருக்கு ஐம்பது வயது இருக்கும். காலடியில் ஹீட்டர் வைத்துக்கொண்டு, கழுத்தில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் கோப்பை எடுத்துப் பிரித்தார். என் ஆறு கடிதங்களும் டேக் போட்டு வரிசையாகக் கட்டியிருந்தன. அவற்றுக்கு அடியில் நான் பார்த்தே இராத ஒரு தாள் இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் அவர் எங்கள் இயக்குநரகத்துக்கு அனுப்பிய ஒரு பக்கக் கேள்வி அது. வாங்கிய பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் நாங்கள் காட்டிய தொடக்க இருப்பும், முந்தின வருடத் தணிக்கை அறிக்கையில் இருந்த இறுதி இருப்பும் ஒத்துப்போகவில்லை. இரண்டு மாவட்டங்களில் வங்கிக் கணக்கில் ஏறிய வட்டியைச் சேர்க்காமல் விட்டிருந்தோம். விடுபட்டது சில ஆயிரம் ரூபாய்தான். அதற்காகக் கோடிக் கணக்கில் பணம் நின்றிருந்தது. அவர் கோபப்படவில்லை. ‘மேடம், நீங்கள் ஆறு தடவை பணம் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு தடவை கேள்வி கேட்டேன்’ என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று மாலையே எஸ்.டி.டி. பூத்தில் நின்று இரண்டு மாவட்டங்களுக்கும் பேசினேன். வங்கிப் புத்தகத்தைப் பார்த்து வட்டியை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மறுநாள் ஃபேக்ஸில் திருத்தம் வந்தது. இரண்டு வாரத்தில் தவணை விடுவிக்கப்பட்டது. அந்தக் கேள்வித் தாள் எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவரின் அலமாரியில் உறங்கியிருந்தது. அது அவருடைய தவறு. ஆனால் ஆறு கடிதம் எழுதிய நான் ஒரு தடவைகூட, ‘பணம் ஏன் வரவில்லை?’ என்று கேட்கவில்லை. அது என் தவறு.

தம்பி, நீங்கள் கல்லூரியில் படித்த கூட்டாட்சி அந்த ஒரு பக்கத் தாளில்தான் இருந்தது. அரசியலமைப்பில் அது அதிகாரங்களைப் பிரித்துச் சொல்லும் ஏழாவது அட்டவணையாக இருக்கிறது, நிதிக் குழுவை அமைக்கச் சொல்லும் 280ஆம் பிரிவாக இருக்கிறது. அன்றாட வாழ்க்கையில் அது ஓர் இருப்புத் தொகையாக, ஓர் அணையின் நீர்மட்டமாக, ஒரு வரிவிகிதத்தின் ஓரத்தில் எழுதிய குறிப்பாக வருகிறது. இந்த வேலை தொழில்தானா என்று கேட்டீர்கள். தொழில்தான். அதற்கென்று தனிப் பதவிப் பெயர் கிடையாது, அதற்கென்று தேர்வும் கிடையாது. அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

எங்கெல்லாம் நடக்கிறது என்று பாருங்கள். நீர்வளத் துறையில் பன்மாநில நதிநீருக்கென்றே பொறியாளர்கள் இருக்கிறார்கள். வணிகவரித் துறையில் ஜிஎஸ்டி மன்றத்துக்கான வேலை ஆண்டு முழுவதும் ஓடுகிறது. நிதித் துறையில், வரிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் நிதிக் குழுவுக்குக் கோரிக்கை மனு தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். தலைமைச் செயலகத்தில் ‘பொது’ (Public) என்றே பெயருள்ள துறை இருக்கிறது, மாநிலத் திட்டக்குழு இருக்கிறது. மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் இடையில் மாநில நிதி ஆணையம் இருக்கிறது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தில்லி நம்மை எப்படி நடத்துகிறது என்று பேசும் நாம், நம் ஊராட்சிகளை எப்படி நடத்துகிறோம் என்பதும் அரசுகளுக்கு இடையிலான உறவுதான். ஓர் ஊராட்சிச் செயலர் உங்கள் துறைக்கு மூன்றாவது நினைவூட்டு அனுப்பியிருந்தால், அதை எடுத்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது.

காவிரியை எடுத்துக்கொள்வோம், எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1892, 1924 ஒப்பந்தங்களில் தொடங்கி, 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2013இல் அரசிதழ் வெளியீடு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று வந்தது. நமக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த எண்ணை மட்டும் தெரிந்தவர் வாசகர். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரியாகத் தெரிந்து, இன்று தேதி வரை எல்லையில் உள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் எவ்வளவு வந்திருக்கிறது, எவ்வளவு பாக்கி, கர்நாடகத்தின் நான்கு அணைகளிலும் எவ்வளவு இருக்கிறது, இது பற்றாக்குறை ஆண்டு என்றால் எந்த விகிதத்தில் குறைத்துக் கேட்கலாம் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்பவர்தான் காவிரிக் கூட்டத்துக்கு வேண்டியவர். காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுக் கூட்டத்தில் உணர்ச்சியாகப் பேச யாருக்கும் நேரம் இருக்காது. இரண்டு பக்கமும் கணக்கோடு வந்திருப்பார்கள். நம் கணக்கில் ஒரே ஒரு நாள் அளவு தப்பாக இருந்தால், அன்று முழுவதும் அந்த ஒரு நாளைப் பற்றியே பேசித் தீர்த்துவிடுவார்கள்.

பிலிகுண்டுலுவுக்கு நான் ஒரு முறை போயிருக்கிறேன். ஒகேனக்கல்லுக்கு மேலே, காட்டுக்குள், மாநில எல்லையில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம். ஆற்றோரத்தில் அளவுகோல் நட்டிருந்தார்கள். காலையில் ஒரு பணியாளர் இறங்கிப் போய், நீர் தொட்ட கோட்டைக் குனிந்து பார்த்து, நோட்டில் எழுதினார். ஒரு நிமிட வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் மேட்டூர் திறக்கும் நாளைப் பற்றிய பேச்சும், உச்ச நீதிமன்ற மனுவும், இரண்டு சட்டமன்றங்களின் விவாதமும் நடக்கின்றன. திரும்பி வந்த பிறகு என் மேசைக்கு வரும் எந்தத் தினசரி அறிக்கையையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. உங்கள் திட்டமும் எங்கோ ஓர் இடத்தில் தரையைத் தொடும். அந்த இடத்தை ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். விடுப்பு போட்டுப் போனாலும் சரி.

சண்டை நடப்பது மட்டும்தான் வெளியே தெரியும். சத்தமில்லாமல் ஓடும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன. நமக்கும் கேரளத்துக்கும் உள்ள பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. ஆனால் 1958 நவம்பரிலிருந்தே செல்லும் என்று எழுதினார்கள். முதலில் வேலையைத் தொடங்கி, பிறகு தாளில் ஏற்றினார்கள். எவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தால் அது நடந்திருக்கும் என்று யோசியுங்கள். அதேபோல, ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து வந்து ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் கிருஷ்ணா நீர். 1976இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டிஎம்சி விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. தண்ணீர் சென்னைக்கு வந்து சேர்ந்தது 1996இல். நடுவில் 20 வருடம். அந்த 20 வருடத்தில் எத்தனையோ முதல்வர்கள் மாறினார்கள். கோப்பைக் கைவிடாமல் வைத்திருந்த பொறியாளர்கள், அலுவலர்களின் பெயர் எங்கும் இல்லை. உங்களுக்குப் பெயர் வர வேண்டும் என்ற ஆசை பலமாக இருந்தால் இந்த வேலை வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஆசை தப்பில்லை. இந்த வேலை அதைத் தீர்த்துவைக்காது, அவ்வளவுதான்.

நிதிப் பக்கம் வேறு மாதிரி. 15ஆம் நிதிக் குழு, 2021–26 காலத்துக்குப் பகிர்வுக்குரிய வரி வருவாயில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குத் தரச் சொன்னது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. இந்தப் பங்கு எப்படி வந்தது என்று பத்து நிமிடம் விளக்க முடிகிறவர்கள் எந்தத் துறையிலும் குறைவு. வருமான இடைவெளிக்கு, அதாவது பணக்கார மாநிலத்தைவிடத் தலைக்கு வருமானம் எவ்வளவு குறைவு என்பதற்கு, 45 மதிப்பு, 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்புக்கு 15, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, காட்டுக்கு 10, வரி முயற்சிக்கு 2.5. வருமானம் உயர்ந்த மாநிலம் அந்த 45இல் அடிபடும். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் 15இல் இழந்ததை 12.5இல் கொஞ்சம் மீட்கும். மேல்வரியும் கூடுதல் கட்டணமும் இந்தப் பகிர்வுக்குள்ளேயே வராது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். நம் கோரிக்கை மனுவில் ‘தமிழ்நாடு வஞ்சிக்கப்படுகிறது’ என்று மட்டும் எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்த அளவுகோலை எவ்வளவு மாற்றினால் யாருக்கு என்ன ஆகும், நமக்குச் சாதகமான மாற்றத்தை ஒரு ஏழை மாநிலமும் ஏற்றுக்கொள்ள என்ன செய்யலாம் என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வகை மனுவை எழுத ஆள் வேண்டும். அந்த ஆள் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஜிஎஸ்டி மன்றத்தைப் பாருங்கள். ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு மதிப்பு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது ஒன்றிய அரசு இல்லாமல் எதுவும் நிறைவேறாது. மாநிலங்களில் பெரும்பகுதி இல்லாமல் ஒன்றிய அரசாலும் முடியாது. 2017 ஜூலையில் வரி அமலுக்கு வந்தது. மன்றத்தில் முதன்முதலாக வாக்கெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில், லாட்டரி வரி விஷயத்தில். அதற்கு முன் 37 கூட்டங்கள் வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமித்து நடந்தன. அந்த ஒருமிப்பு அமைச்சர்கள் உட்கார்ந்ததும் வானத்திலிருந்து இறங்கியதல்ல. அதற்கு முன்பே அதிகாரிகள் குழுக்களில், சட்டக் குழுவில், வரிவிகிதத்தைப் பார்க்கும் குழுவில், பல மாநில அலுவலர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளையும் அலசியிருப்பார்கள். நீங்கள் விரும்பும் வேலை அந்த அறையில்தான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, மேடை பெரிதாக இருந்தும் வேலை நடக்காத இடமும் உண்டு. பிரதமரும் முதல்வர்களும் கூடிப் பேச மாநிலங்களுக்கு இடையிலான மன்றம் வேண்டும் என்று, தமிழ்நாடு அரசு அமைத்த ராஜமன்னார் குழு 1971இலேயே சொன்னது. ஒன்றிய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையமும் சொன்னது. 1990இல் மன்றம் அமைந்தது. ஆனால் 2006 டிசம்பரில் பத்தாவது கூட்டம், அடுத்த கூட்டம் 2016 ஜூலையில். பத்து வருடத்தில் முதல்வர்கள் கூடிப் பேசாவிட்டாலும் நதி ஓடியது, வரி வசூலானது, தவணை போய் வந்தது. கீழே பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்ததால்தான். மேலே கூடாததால் வந்த நட்டம் பெரியது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

சரி, உங்கள் மற்ற கேள்விகளுக்கு வருகிறேன்.

யு.பி.எஸ்.சி. எழுதுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. ஆனால் எதற்காக எழுதுகிறீர்கள் என்பதைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு இந்த உறவின் இரண்டு பக்கமும் உட்காரும் வாய்ப்பு உண்டு. கொஞ்ச வருடம் மாநிலத்தில் இருந்து பணம் கேட்பார், கொஞ்ச வருடம் தில்லியில் இருந்து பணத்தை நிறுத்தி வைப்பார். அந்த அனுபவம் வேறு எந்த வழியிலும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. அதே சமயம் அவர் ஒரு விஷயத்தில் இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் நிலைப்பது அபூர்வம். மூன்று செயலாளர்கள் மாறிய பிறகும் அதே பிரிவில் இருக்கும் சார்புச் செயலாளரைத்தான், ‘2009இல் என்ன சொன்னோம்?’ என்று எல்லோரும் கேட்பார்கள். ஆகவே ஆட்சியர் வண்டியும் மாவட்ட அதிகாரமும் உங்களை இழுத்தால் தேர்வு எழுதுங்கள். அரசுகளுக்கு இடையிலான வேலைதான் இழுக்கிறது என்றால், ஏற்கெனவே அதற்குள் இருக்கிறீர்கள். இன்னும் ஒரு முயற்சி என்று முடிவு செய்தால், எந்த வருடத்தோடு நிறுத்துவது என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு எழுதுங்கள். ஐந்தாறு வருடம் ஒரு கால் இங்கும் ஒரு கால் பயிற்சி மையத்திலுமாக நின்று, இரண்டும் கிடைக்காமல் போன நல்ல பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மனது கஷ்டப்படும்.

குரூப் 1 பற்றி அப்பா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் துணை ஆட்சியர் பதவி மட்டுமே அதில் இல்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். வணிகவரி உதவி ஆணையர் பதவியும் அதே தேர்வில்தான் வருகிறது. ஜிஎஸ்டி வந்த பிறகு, அரசுகளுக்கு இடையிலான வேலை செறிந்து கிடக்கும் துறைகளில் அது ஒன்று. உங்கள் ஆசையும் அப்பாவின் ஆசையும் சந்திக்கும் இடம் அதுவாக இருக்கலாம்.

தில்லித் தமிழ்நாடு இல்லத்துக்குப் போகலாமா என்றால், போங்கள். ஆனால் போகும் முன் எந்த வேலைக்கு என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அறை ஒதுக்குவதும், விமான நிலையத்துக்குக் கார் அனுப்புவதும்கூட அங்கே ஒரு வேலைதான். யாராவது செய்யத்தான் வேண்டும். உங்களுக்கு வேண்டியது அமைச்சகங்களில் நம் கோப்புகளைப் பின்தொடரும் தொடர்புப் பணி. அது கிடைத்தால் இரண்டு வருடத்தில் நீங்கள் கற்பதை இங்கே பத்து வருடத்தில் கற்க முடியாது. எந்தக் கேள்வி எந்தத் தளத்தில் எழுகிறது, எந்த மேசையில் நிற்கிறது, நிதியாண்டு முடியும் மார்ச்சில் எந்தக் கதவு எப்போது அடைபடுகிறது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அமைச்சரைப் பார்ப்பதைவிடப் பிரிவு அலுவலரைப் பார்ப்பது பல நாள் பயன் தரும். போய், பணம் கேட்காதீர்கள். ‘எங்கள் கோப்பில் உங்களுக்கு என்ன சந்தேகம்?’ என்று கேளுங்கள்.

இந்தி தெரியாதது தடையா? அலுவல் கடிதத்துக்குத் தடையே இல்லை. 1976ஆம் ஆண்டின் அலுவல் மொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் என்றுதான் தொடங்குகின்றன. நமக்கான கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் நடக்கும், ஆகவே முதலில் உங்கள் ஆங்கிலத்தைக் கூராக்குங்கள். மூன்று வரியில் முடிய வேண்டியதை மூன்று வரியிலேயே எழுதப் பழகுங்கள். பேச்சுவழக்கு இந்தியைப் பற்றி என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்: கற்றுக்கொள்ளுங்கள். யாரும் திணித்ததால் அல்ல, உங்கள் கோப்புக்காக. நான் கொஞ்சம்தான் பேசுவேன், தப்பும் தவறுமாக. ஆனாலும் ஒருவரிடம் போய் அவர் அம்மாவின் உடல்நலத்தை அவர் மொழியில் விசாரிக்க முடிந்தது. அடுத்த முறை நான் தொலைபேசியில் அழைத்தபோது குரலைக் கேட்டதும் அவருக்குத் தெரிந்தது. இதே காரணத்துக்காக, பாசனப் பிரிவுக்குப் போனால் கன்னடமும் மலையாளமும் நாலு வார்த்தை கற்கச் சொல்வேன்.

எதிர்த்தரப்பு அலுவலர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியே இருந்து பார்ப்பவர்கள் அவர்களை எதிரிகள் என்று நினைக்கிறார்கள். அண்டை மாநிலத்துப் பொறியாளர் ஒருவரோடு எட்டு வருடம் கூட்டங்களில் எதிர் எதிரே உட்கார்ந்தேன். மேசையில் அவர் ஒரு சொட்டும் விட்டுக்கொடுத்ததில்லை, நானும் இல்லை. மதியம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். ஒரு நாள் கை கழுவும் இடத்தில் நின்றபடி அவர் சொன்னார்: ‘நீங்கள் சொல்லும் முடிவை நான் ஏற்கமாட்டேன். ஆனால் நீங்கள் கொடுக்கும் எண்ணை நான் சரிபார்ப்பதில்லை.’ என் பணிக்காலத்தில் கிடைத்த எந்தப் பாராட்டுச் சான்றிதழையும்விட எனக்கு அது பெரிது. அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. நமக்கே பாதகமான எண் வந்தாலும் மறைக்காமல் முதலில் நம் செயலாளரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்வார், அரசு என்ன நிலைப்பாடு எடுப்பது என்று அமைச்சரவை முடிவு செய்யும். நிலைப்பாடு அவர்களுடையது, எண் உங்களுடையது.

அரசியல் இதில் கலந்தேதான் இருக்கும். நான் சேர்ந்தபோது கோப்பில் ‘மத்திய அரசு’ என்று எழுதினோம், இப்போது ‘ஒன்றிய அரசு’ என்று எழுதுகிறீர்கள். அந்த ஒரு சொல்லிலேயே ஒரு வாதம் இருக்கிறது. மாநில உரிமை பற்றி உங்களுக்கு அழுத்தமான கருத்து இருக்கட்டும், எனக்கும் இருக்கிறது. ஆனால் அதை முகநூலில் எழுதாதீர்கள். நடத்தை விதிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். நாளை நீங்கள் கோப்போடு போய் நிற்கும்போது, உங்கள் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் உங்கள் பதிவைப் பார்த்திருக்கக் கூடாது. அதேபோல எதிர்த்தரப்பில் ஒருவர் நம்பிச் சொன்ன தகவலை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்தக் கதவு அன்றோடு மூடிவிடும்.

படிப்பு? அரசியல் அறிவியல் நல்ல அடித்தளம். அதற்கு மேல் பொது நிதியைக் கற்றுக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு நிதிக் குழுக்களின் அறிக்கைகளையும், நம் துறை பற்றிய தணிக்கை அறிக்கைகளையும் முழுதாகப் படியுங்கள். எல்லாம் இணையத்தில் இலவசம். தணிக்கை அறிக்கையைப் பெரும்பாலோர் குற்றப்பத்திரிகையாகப் பார்க்கிறார்கள். தில்லியில் இருப்பவர் அடுத்து என்ன கேட்பார் என்பதை முன்கூட்டியே சொல்லும் தாள் அது.

பதவி உயர்வு மெதுவாக வரும், அதை மறைக்க மாட்டேன். பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று ஒவ்வொரு படிக்கும் வருடங்கள் ஆகும். நடுவில் உங்களைச் சம்பந்தமே இல்லாத பிரிவுக்கு மாற்றுவார்கள். என்னையும் மூன்று வருடம், பணியாளர் விவகாரங்களைப் பார்க்கும் ஒரு பணியமைப்புப் பிரிவில் உட்கார வைத்தார்கள். மாற்றினால் போங்கள். ஆனால் உங்கள் விஷயத்தின் நோட்டை மூடாதீர்கள். அலுவலகத் தாள் எதுவும் உங்களோடு வரக் கூடாது, நோட்டில் இருப்பது வெளியான அறிக்கைகளிலிருந்து நீங்கள் எடுத்த குறிப்பாக இருக்க வேண்டும். அடுத்த தடவை அந்தப் பிரிவுக்கு ஆள் தேடும்போது யாரோ ஒருவருக்கு உங்கள் பெயர் ஞாபகம் வரும். எனக்கு அப்படித்தான் நீர்வளம் திரும்பக் கிடைத்தது.

இப்போது உங்கள் கோப்பு. ஆறாவது நினைவூட்டை எழுதாதீர்கள். நாளை காலை அந்தக் கோப்பை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் தேதி வாரியாக எழுதுங்கள்: என்று என்ன கேட்டோம், என்று என்ன வந்தது, யாருக்கு நகல் போனது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் எங்காவது, தில்லியிலிருந்து வந்து நம் பக்கத்தில் பதில் போகாத ஒரு கடிதம் இருக்கும், அல்லது இருந்ததற்கான அடையாளமாக ஒரு கடித எண்ணாவது இருக்கும். கோப்பில் இல்லையென்றால் இயக்குநரகத்துக்கு நேரில் நடந்து போய்க் கேளுங்கள், தொலைபேசி வேண்டாம். அங்கும் இல்லையென்றால் உங்கள் பிரிவு அலுவலரின் அனுமதியோடு அமைச்சகத்தின் அந்தப் பிரிவுக்கே பேசுங்கள். கேள்வி என்ன என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். பதிலை எப்படி அமைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.